பழைய காருக்கு ஏ.சி.: கடைசியாகப் போட வேண்டிய பொருள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் ஆறு மாதம் கழித்து என்னிடம் கேட்கும் கேள்வி அநேகமாக ஒன்றுதான். "இதில் இன்னும் என்ன சேர்க்கலாம்?" கேம் விளையாடப் பெரிய கிராபிக்ஸ் கார்டு ஒன்றைப் பார்த்து வைத்திருப்பார்கள். விலையும் விசாரித்திருப்பார்கள். "உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள எஸ்.எம்.பி.எஸ். எத்தனை வாட்ஸ்?" என்று கேட்டால் மட்டும் பதில் வராது. சித்திரை பிறந்து வெயில் ஏறத் தொடங்கியதும் இவர்களில் சிலர் இன்னொரு கேள்வியுடன் வருகிறார்கள். "பழைய கார் ஒன்று இருக்கிறது சார். அதற்கு ஏ.சி. போடலாமா?"

கம்ப்யூட்டர் இதழில் காருக்கு என்ன வேலை என்று நினைக்க வேண்டாம். இரண்டு கேள்விகளுக்கும் பதில் ஒன்றுதான். போடலாம்; ஆனால் அந்தப் புதிய பொருள் எவற்றை நம்பி ஓடப் போகிறதோ, அவற்றை முதலில் சரி செய்ய வேண்டும். என் கருத்தில், பழைய காருக்கு ஏ.சி. என்பது கடைசியாகப் போட வேண்டிய பொருள். ரேடியேட்டர், மின்சாரம், கதவு ரப்பர் ஆகியவற்றிற்குச் செலவழிக்க மனம் இல்லாதவர்கள் ஏ.சி. போடாமல் இருப்பதே நல்லது.

இது ஆடம்பரமா?

இல்லை. நான் இருப்பது மதுரை பழங்காநத்தத்தில். மே மாதத்தில் 40 டிகிரி என்பது இங்கே செய்தியே இல்லை. காளவாசலில் இருந்து வரும் பைபாஸ் ரோடும் திருப்பரங்குன்றம் ரோடும் சேரும் பகுதி இது. பகல் நேரத்தில் வண்டிகள் நகராமல் நிற்கும்போது காருக்குள் இருப்பவர்களின் நிலையைச் சொல்லத் தேவையில்லை. வெயிலில் நிறுத்திய காரின் உட்புறம் ஒரு மணி நேரத்தில் வெளி வெப்பத்தைக் காட்டிலும் 20 டிகிரி வரை கூடிவிடும். வயதான பெற்றோரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்பவர்கள் இதை நன்கு அறிவார்கள். எல்லோராலும் கடன் வாங்கிப் புதிய கார் வாங்க முடியாது. எனவே கேள்வி நியாயமானதுதான். பதில்தான் அவசரப்பட்டுச் சொல்லப்படுகிறது.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஒருவர் தன் சிறிய காருக்கு ஏ.சி. போட்டார். காலையில் விட்ட வண்டியை மாலையில் கடைக்காரர் கொடுத்துவிட்டார். குளிர்ச்சிக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் சிக்னலில் நின்றால் டெம்பரேச்சர் முள் மேலே ஏறியது. இரவில் ஹெட்லைட் மங்கியது. இரண்டு மாதத்தில் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. ஏ.சி.க்குக் கொடுத்த பணம் ஒரு பக்கம், எஞ்சின் வேலைக்குக் கொடுத்த பணம் இன்னொரு பக்கம். இப்போது அவர் கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் ஓட்டுகிறார். அந்த ஏ.சி.யில் எந்தக் கோளாறும் இல்லை. கார்தான் அதற்குத் தயாராக இல்லை.

எப்படி வேலை செய்கிறது?

கார் ஏ.சி. குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான். எஞ்சினுடன் பெல்ட் மூலம் இணைந்த கம்ப்ரஸர், கேஸை அழுத்திச் சூடாக்குகிறது. அந்தச் சூடு முன்புறம் உள்ள கண்டன்சரில் வெளியேறி, கேஸ் திரவமாகிறது. ஈரத்தை உறிஞ்சும் டிரையர் என்ற சிறு டப்பாவைக் கடந்து, எக்ஸ்பான்ஷன் வால்வ் என்ற நுண்ணிய துளை வழியே கூலிங் காயிலுக்குள் அது பாய்கிறது. அங்கே மீண்டும் கேஸாக மாறும்போது காருக்குள் இருக்கும் வெப்பத்தை இழுத்துக் கொள்கிறது. ஒரு புளோயர் அந்தக் காயிலின் வழியே காற்றை ஊதுகிறது.

காருக்கு ஏ.சி. என்பதே பின்னால் பூட்டும் வேலையாகத்தான் தொடங்கியது. அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் 1939-ல் இதை அறிவித்தபோது, கேட்டவர்களின் கார்களைக் கிளீவ்லேண்டில் இருந்த வேறொரு நிறுவனத்திற்கு அனுப்பித்தான் பொருத்தித் தந்தது. கூலிங் காயில் டிக்கியில் பாதியை அடைத்துக் கொண்டது. கம்ப்ரஸரை எஞ்சினில் இருந்து விடுவிக்கும் கிளட்ச் கிடையாது. ஏ.சி. வேண்டாம் என்றால் எஞ்சினை நிறுத்தி, பானட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்ற வேண்டும்! சில ஆண்டுகளிலேயே அது கைவிடப்பட்டது.

மூன்று சுமைகள்

ஏ.சி. போட்டவுடன் பழைய கார் மூன்று புதிய சுமைகளைத் தாங்க வேண்டியுள்ளது.

முதலாவது, இழுவை. கம்ப்ரஸர் ஓடுவதற்கு இரண்டு முதல் நான்கு குதிரைத் திறன் வரை தேவைப்படும். மாருதி 800-ன் எஞ்சின் 796 சி.சி.தான், முழு வேகத்தில் தருவதே 40 குதிரைத் திறனுக்குள். சிக்னலில் ஐடிலில் நிற்கும்போது எஞ்சின் தருவது இதில் மிகச் சிறு பங்கு. எனவே ஏ.சி. போட்டதும் வண்டி உதறும், அணையும். கார்புரேட்டர் வண்டிகளில், ஏ.சி. ஓடும்போது ஐடில் வேகத்தைச் சற்று உயர்த்தும் ஐடில்-அப் என்ற சிறு கருவி அவசியம். செலவைக் குறைக்கச் சில இடங்களில் முதலில் விட்டுவிடுவது இதைத்தான்.

இரண்டாவது, வெப்பம். கண்டன்சர் உட்காரும் இடம் ரேடியேட்டருக்கு முன்னால். அதாவது, காருக்குள் இருந்து எடுத்த வெப்பத்தில் சூடான காற்றுதான் இனி ரேடியேட்டருக்குக் கிடைக்கும். பல ஆண்டுகளாகப் போர்வெல் தண்ணீரையே ஊற்றி வந்த ரேடியேட்டரின் உள்ளே உப்பு படிந்திருக்கும். தூசி அடைத்த ஹீட் சிங்க்குடன் கம்ப்யூட்டரை ஓட்டுவதைப் போன்றது இது. கம்ப்யூட்டர் சூடானால் பிராசஸர் தானாக வேகத்தைக் குறைத்துக் கொள்ளும், அல்லது நின்றுவிடும். பழைய கார் எஞ்சினுக்கு அந்த அறிவு கிடையாது. அது ஓடிக் கொண்டே கெட்டுப் போகும். எனவே ரேடியேட்டரைச் சுத்தம் செய்து, கூலன்ட் ஊற்றி, கண்டன்சருக்குத் தனி எலக்ட்ரிக் ஃபேன் வைத்த பிறகே மற்ற பேச்சு.

மூன்றாவது, மின்சாரம். புளோயர், கண்டன்சர் ஃபேன், கம்ப்ரஸர் கிளட்ச் மூன்றும் சேர்ந்து 20 முதல் 25 ஆம்பியர் வரை எடுக்கும். 12 வோல்ட்டில் கணக்கிட்டால் இது ஏறத்தாழ 300 வாட்ஸ். இரவில் இரண்டு ஹெட்லைட்டுகள் எடுக்கும் 10 ஆம்பியரை இதனுடன் சேருங்கள். பழைய அம்பாசடர் போன்ற கார்களில் இருந்த டைனமோ முழு வேகத்தில் தந்ததே 20, 25 ஆம்பியர்தான். ஐடிலில் ஏறக்குறைய ஒன்றும் தராது. அப்படியானால் மீதி எங்கிருந்து வரும்? பேட்டரியில் இருந்துதான். இரண்டு நாட்களில் காரைத் தள்ள வேண்டியிருக்கும். டைனமோ உள்ள காரில், அதை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போடாமல் ஏ.சி. பூட்டுவது வீண் செலவு. வயரிங்கும் முக்கியம். ஏற்கெனவே உள்ள ஸ்விட்ச் வயரில் இருந்து இணைப்பை இழுக்கக் கூடாது. பேட்டரியில் இருந்து தனி வயர், தனி ஃபியூஸ், தனி ரிலே வேண்டும். ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் எல்லாவற்றையும் செருகினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும்; காரில் அந்த இடத்திற்குப் பக்கத்தில் பெட்ரோல் வேறு இருக்கிறது.

காலி ஸ்லாட் உள்ள கார்

எல்லாப் பழைய கார்களும் ஒன்றல்ல. மாருதி 800 போன்ற கார்கள் ஏ.சி. உள்ளது, இல்லாதது என இரண்டு வகையாகவும் விற்கப்பட்டன. ஏ.சி. இல்லாத வகையை வைத்திருப்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள். ஏ.சி. வகைக்கென நிறுவனமே வடிவமைத்த பிராக்கெட், புல்லி, கண்டன்சர், ஆல்டர்னேட்டர் ஆகியவை அந்தக் காருக்கு அளவாகப் பொருந்தும். மதர்போர்டில் காலி ஸ்லாட் இருப்பதைப் போல. 800-ன் தயாரிப்பு 2014-ல் நின்றுவிட்டாலும், கார்கள் ஏராளமாக விற்றதால் உதிரி பாகங்களைத் தேடிப் பெறலாம்.

அம்பாசடர், பிரிமியர் பத்மினி போன்றவற்றின் கதை வேறு. பழைய வண்டிகளுக்கு டாஷ்போர்டின் கீழே தொங்கும் பொது யூனிட்டைத்தான் பெரும்பாலும் பூட்டுவார்கள். கம்ப்ரஸரைத் தாங்கும் பிராக்கெட்டை வெல்டிங் செய்து உருவாக்குவார்கள். அம்பாசடரில் எஞ்சினைச் சுற்றி இடம் தாராளம் என்பதால் வேலை எளிது. ஆனாலும் பிராக்கெட் ஒரு நூல் சாய்ந்தால்கூட பெல்ட் மாதம் ஒன்று கேட்கும். இத்தகைய காருக்கு முன்பே ஏ.சி. பூட்டிய மெக்கானிக்கிடம் மட்டும் கொடுங்கள். அவர் பூட்டிய வண்டி ஒன்றில் மதிய வெயிலில் உட்கார்ந்து பார்க்காமல் முன்பணம் தர வேண்டாம்.

செகண்ட் ஹேண்ட் பாகங்களும் கேஸும்

பழைய கம்ப்யூட்டரில் இருந்து எடுத்த கேபினெட்டை வாங்கலாம். ஹார்ட் டிஸ்க்கை வாங்கக் கூடாது என்று நான் சொல்வதுண்டு. ஏ.சி.யிலும் அப்படியே. புளோயர் உள்ள பெட்டி, பிராக்கெட் போன்றவற்றைப் பழையதாக வாங்கலாம். டிரையர், ஹோஸ், ஓ-ரிங், எக்ஸ்பான்ஷன் வால்வ் ஆகியவை கண்டிப்பாகப் புதிதாக இருக்க வேண்டும். திறந்து கிடந்த டிரையர் காற்றில் உள்ள ஈரத்தைக் குடித்து முடித்திருக்கும். ஈரம் உள்ளே போனால் வால்வில் பனிக்கட்டியாகி அடைக்கும். ஆயிலுடன் சேர்ந்து அமிலமாகிக் கம்ப்ரஸரை அரிக்கும். இதற்காகத்தான் கேஸ் அடைக்கும் முன் வாக்குவம் பம்ப்பால் உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் வெளியேற்றுகிறார்கள். குறைந்தது அரை மணி நேரமாவது இது நடக்க வேண்டும். பக்கத்தில் நின்று கவனியுங்கள்.

கேஸ் விஷயத்தில் ஏமாற வேண்டாம். பழைய கார் ஏ.சி.களில் இருந்தது ஆர்-12. இது ஓசோன் படலத்தை அரிப்பதால், 1987-ல் கையெழுத்தான மான்ட்ரியல் ஒப்பந்தப்படி உலகெங்கும் விலக்கப்பட்டது. இந்தியா 1992-ல் இதில் சேர்ந்தது. அதன் இடத்திற்கு வந்தது ஆர்-134ஏ. ஓசோனுக்கு இதனால் கேடு இல்லை; ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்சைடைப் போல 1,400 மடங்கு வலிமை கொண்டது. எனவே கசிந்து கொண்டிருக்கும் சிஸ்டத்தில் ஆண்டுதோறும் கேஸ் நிரப்புவது உங்கள் பணத்திற்கும் கேடு, ஊருக்கும் கேடு. இரண்டு கேஸ்களுக்கும் ஆயில் வேறு வேறு. பழைய ஆர்-12 யூனிட்டில் சுத்தம் செய்யாமல் புதிய கேஸை ஏற்றக் கூடாது. "விலை குறைந்த கேஸ்" என்று யாராவது எரிவாயு வகையை நிரப்ப முன்வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். எரியாத கேஸுக்காகச் செய்த சிஸ்டம் அது. கூலிங் காயில் இருப்பதோ உங்கள் கால் பக்கத்தில்.

கண்ணாடியை ஏற்றும் முன்

யாரும் பேசாத ஒன்று இருக்கிறது. இதுவரை உங்கள் பழைய கார் கண்ணாடிகள் திறந்தே ஓடியது. ஏ.சி. வந்தபின் அவை மூடப்படும். பழைய காரில் சைலன்ஸர் பைப் எங்காவது ஓட்டையாகி இருக்கும். தரைத் தகடு துருப்பிடித்திருக்கும். டிக்கி ரப்பர் காய்ந்திருக்கும். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு இந்த வழியே உள்ளே வரும். இதற்கு நிறமோ வாசனையோ இல்லை. முதலில் தலைவலி, பிறகு மயக்கம், அளவு கூடினால் மரணம். டாஷ்போர்டின் கீழ் தொங்கும் யூனிட்டுகள் உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றி அனுப்புபவை. வெளிக் காற்றை எடுப்பதில்லை. எனவே ஏ.சி. போடும் முன் சைலன்ஸரைச் சோதித்து, தரையில் டிங்கரிங் வேலை செய்து, ரப்பர்களை மாற்றுங்கள். இதனால் குளிர்ச்சியும் வெளியே போகாது. நீண்ட பயணத்தில் அவ்வப்போது கண்ணாடியைச் சற்று இறக்குங்கள். நிறுத்திய காரில் எஞ்சினையும் ஏ.சி.யையும் ஓடவிட்டு ஒருபோதும் தூங்காதீர்கள். பிள்ளைகளையும் அப்படி விட்டுச் செல்லாதீர்கள்.

யார் போட வேண்டாம்?

ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். பதிவான 15 ஆண்டுகளுக்குப் பிறகு ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அடுத்த புதுப்பித்தலில் கார் தேறுமா என்ற சந்தேகம் இருந்தால் பணத்தைச் செலவிட வேண்டாம். எஞ்சின் புகை கக்கினாலும் ஆயில் குடித்தாலும் வேண்டாம். மொத்தச் செலவு காரின் இன்றைய விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால், ஏ.சி.யுடன் வந்த வேறொரு பழைய காராக மாற்றிக் கொள்வதே புத்திசாலித்தனம் என்பது என் கணக்கு. விற்கும்போது பின்னால் போட்ட ஏ.சி.க்கு யாரும் கூடுதலாகத் தரப் போவதில்லை.

இவற்றைத் தாண்டியவர்கள் தாராளமாகப் போடலாம். வண்டியை எடுக்கும் நேரத்தைக் காலையில் வைத்துக் கொள்ளாதீர்கள். பகல் ஒரு மணிக்கு எடுங்கள். திருமங்கலம் பக்கம் நான்கு வழிச் சாலையில் ஓட்டிப் பார்ப்பது போதாது. அங்கே எதிர்க்காற்றில் எந்தக் கண்டன்சரும் நன்றாகத்தான் வேலை செய்யும். பெரியார் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள நெரிசலில் ஏ.சி., ஹெட்லைட் இரண்டையும் போட்டு இருபது நிமிடம் ஊர்ந்து பாருங்கள். முள் நடுவில் நிற்க வேண்டும். விளக்கு மங்கக் கூடாது. எஞ்சின் அணையக் கூடாது. மூன்றும் சரியாக இருந்தால் மீதிப் பணத்தைக் கொடுங்கள். பாகங்களின் பில்லையும் மறக்காமல் வாங்கி, இன்சூரன்ஸ் நிறுவனத்திற்குத் தெரிவித்துவிடுங்கள்.