எண்ணிச் சுடுதல்

கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் ஒருவன் துப்பாக்கித் தோட்டாவின் விலை குறித்து எழுதப் புகுவது விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் இரண்டு காரணங்களால் எனக்கு அந்த உரிமை உண்டு என்று கருதுகிறேன். எங்கள் கல்லூரியின் தேசிய மாணவர் படைக்குச் சில ஆண்டுகள் பொறுப்பு அலுவலராக இருந்தேன்; அதற்காக நாக்பூரை அடுத்த காம்ப்டியில் பயிற்சியும் பெற்றேன். இது ஒன்று. என் மனைவியின் அண்ணன் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வசிக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் காகித இலக்கைச் சுடுவது அவருடைய பொழுதுபோக்கு. இது மற்றொன்று.

முகாமில் எங்கள் மாணவன் ஒருவனுக்கு ஒரு நாளில் கிடைத்தவை ஐந்து தோட்டாக்கள். .22 ரைபிள், 25 மீட்டர் தூரம். ஐந்தும் சுட்டு முடித்ததும் காலி கேஸ்களைப் பொறுக்கி எண்ணிக் கொடுத்தாக வேண்டும். ஒரு முறை ஒரு கேஸ் குறைந்துவிட்டது. அது சுண்டுவிரலின் நுனியளவு பித்தளை. அதற்காக நாற்பது மாணவர்கள் மதிய உணவை விட்டுவிட்டு, கொதிக்கும் வெயிலில் முழந்தாளிட்டுப் புல்லை விலக்கித் தேடினார்கள். கடைசியில் ஒருவனின் மடித்த சட்டைக் கைக்குள்ளிருந்து அது விழுந்தது. அன்று அவனைத் திட்டியவர்களுள் நானும் ஒருவன். ஆனால் ஒவ்வொரு தோட்டாவுக்கும் கணக்கு உண்டு என்ற உணர்வு அந்த நாற்பது பேருக்கும் வாழ்நாள் முழுவதும் இருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

இந்த மனநிலையோடுதான் 2014 கோடை விடுமுறையில் மனைவியுடன் ஒஹையோ சென்றேன். சென்ற மறுநாள் அதிகாலை ஐந்தரை மணிக்கு மைத்துனர் என்னை எழுப்பினார். "மாப்பிள்ளை, வர்றீங்களா? கடைக்கு லாரி வர்ற நாள்" என்றார். நான் பால் வாங்கவோ என்று எண்ணிப் புறப்பட்டேன். கடை வாசலில் பன்னிரண்டு பேர் நின்றிருந்தார்கள். பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள், கையில் காப்பிக் குவளை. எங்கள் ஊரில் மண்ணெண்ணெய்க்கு நின்ற வரிசைதான், கம்பளிச் சட்டை அணிந்து நின்றது. ஓர் ஆளுக்கு மூன்று பெட்டிதான் என்று உச்சவரம்பு. மைத்துனர் மூன்று பெட்டி .22 தோட்டா வாங்கினார். என்னையும் வரிசையில் நிறுத்தி இன்னும் மூன்று வாங்கினார். அப்போதுதான் என்னை அழைத்துப் போனதன் நோக்கம் விளங்கிற்று.

அன்று இரவு நிலவறையைக் காட்டினார். இராணுவப் பச்சை நிற இரும்புப் பெட்டிகள் சுவரோரம் அடுக்கியிருந்தன. "எட்டாயிரம் இருக்கும்" என்றார். அறுவடை முடிந்து நிறைந்த குதிரைக் காட்டும் சம்சாரியின் பெருமிதம் அவர் குரலில் இருந்தது. அடுத்த ஞாயிறு அவருடைய சங்கத்தின் சுடுதளத்துக்குப் போனோம். அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. .22 தோட்டா கிடைக்காமையால் சனிக்கிழமை தோறும் நடைபெறும் சிறார் பயிற்சி மறு அறிவிப்பு வரை நிறுத்தப்படுகிறது என்பது அதன் சாரம். மைத்துனர் அதைப் படித்தார், நானும் படித்தேன். திரும்பி வரும்போது காரில் இருவரும் வெகுநேரம் பேசவில்லை.

இந்தத் தட்டுப்பாட்டின் பிறப்பைச் சொல்லாமல் அந்த மௌனத்தை விளக்க இயலாது. 2012 டிசம்பர் 14 அன்று கனெக்டிகட் மாநிலத்தின் சாண்டி ஹூக் பள்ளியில் இருபது குழந்தைகளும் ஆறு ஆசிரியர் மற்றும் பணியாளர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நாடு அதிர்ந்தது. துப்பாக்கிச் சட்டங்கள் கடுமையாகும் என்ற பேச்சு எழுந்தது. பேச்சு எழுந்த வாரத்திலேயே கடை அலமாரிகள் காலியாகத் தொடங்கின. வாங்குவோரின் பின்னணியைச் சரிபார்க்கும் முறையை விரிவாக்கும் திருத்தம் 2013 ஏப்ரலில் செனட்டில் போதிய வாக்குப் பெறாமல் வீழ்ந்தது. அஞ்சிய சட்டம் வரவில்லை. அச்சத்தால் வந்த தட்டுப்பாடு மட்டும் போகவில்லை. .22 தோட்டாவுக்கு அது ஆண்டுக்கணக்கில் நீடித்தது. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை நூற்றறுபது கோடித் தோட்டாக்களை வாங்கி முடக்குகிறது என்றொரு வதந்தியும் உலவியது. அரசின் தணிக்கை அமைப்பு 2014 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை, அத்துறையின் கொள்முதல் முந்தைய ஆண்டுகளைவிடக் குறைந்திருப்பதையே காட்டியது. அறிக்கையை யார் படித்தார்கள்? வதந்தியைத்தான் எல்லோரும் படித்தார்கள்.

ஆலைகள் ஏன் கூடுதலாகச் செய்யவில்லை என்று கேட்கத் தோன்றும். மூன்று முறை வேலை நேரம் வைத்து, இரவு பகலாகச் செய்துகொண்டுதான் இருந்தார்கள். ஆனால் புதிய எந்திரம் நிறுவ ஆண்டுகள் ஆகும். அதற்குள் அச்சம் வடிந்துவிடும். 2016 தேர்தலுக்குப் பின் அப்படித்தான் வடிந்தது. இரு நூற்றாண்டுப் பழமை வாய்ந்த ரெமிங்டன் நிறுவனம் 2018இல் ஒருமுறையும் 2020இல் மறுமுறையும் திவாலானது. பிறர் அச்சத்தை நம்பி ஆலை கட்ட முதலாளி தயங்குவதில் வியப்பில்லை.

.22 தோட்டாவுக்கு இன்னொரு சாபமும் உண்டு. 9 மி.மீ. போன்ற தோட்டாவின் அடியில் நடுவே பிரைமர் என்ற சிறு கிண்ணம் இருக்கும். சுட்ட பிறகு அதை மாற்றி, மருந்தும் புதுக் குண்டும் இட்டு, அதே பித்தளைக் கூட்டைப் பலமுறை பயன்படுத்தலாம். இதை ரீலோடிங் என்பார்கள். பொறுமையுள்ளவர்களுக்கு அதுவே தனியொரு கைத்தொழில். .22 தோட்டாவிலோ தீப்பற்றும் மருந்து அடிவிளிம்பின் மடிப்புக்குள் இருக்கிறது. சுடும் ஊசி விளிம்பை நசுக்கிவிட்டால் அந்தக் கூடு முடிந்தது. ஆகவே, மிக மலிவானதும் சிறுவர் பழகுவதுமான தோட்டாதான் வீட்டில் செய்துகொள்ள இயலாத தோட்டா. தட்டுப்பாடு வரும்போது முதலில் அடிபடுவது கற்றுக்கொள்பவன். எந்தத் தட்டுப்பாட்டிலும் இது இப்படித்தானோ என்று எண்ணத் தோன்றுகிறது.

*

2020இல் இதே கதை பன்மடங்காகத் திரும்பியது. பெருந்தொற்று, தெருக் கலவரம், தேர்தல் மூன்றும் ஓராண்டில் கூடின. துப்பாக்கி வாங்குவோருக்கான பின்னணிச் சரிபார்ப்புகள் அவ்வாண்டில் ஏறத்தாழ மூன்று கோடியே தொண்ணூற்றேழு லட்சம். முதன்முறையாகத் துப்பாக்கி வாங்கியோர் மட்டும் எண்பத்து நான்கு லட்சம் பேர் என்று அத்தொழில்துறையின் சங்கம் மதிப்பிட்டது. ஒவ்வொருவரும் ஐம்பது தோட்டாப் பெட்டி இரண்டே வாங்கினார்கள் என்று வைத்துக்கொண்டாலும் எண்பத்து நான்கு கோடித் தோட்டாக்கள். பத்து டாலர் விற்ற 9 மி.மீ. பெட்டி முப்பதுக்கும் நாற்பதுக்கும் போயிற்று. ஆயிரம் முப்பது, நாற்பது டாலர் விற்ற பிரைமர்கள் நூறைத் தாண்டின. ரீலோடிங் செய்வோரும் கையைப் பிசைந்தார்கள். மலிவான ரஷ்யத் தோட்டாக்களுக்குப் புதிய இறக்குமதி அனுமதி 2021 செப்டம்பர் முதல் மறுக்கப்பட்டது. உக்ரைன் போர் தொடங்கிய பின் வெடிமருந்துக்கான நைட்ரோசெல்லுலோஸ் பீரங்கிக் குண்டுகளுக்குத் திரும்பியதால் மருந்தின் விலையும் ஏறியது.

இவ்விடத்தில் வாசகர் ஒருவர் இடைமறிக்கலாம்: தோட்டா கிடைக்காவிட்டால் நல்லதுதானே? சில உயிர்களாவது பிழைக்குமே? நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். கணக்கு வேறாக இருக்கிறது. 2019இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தோர் 39,707 பேர். கடுந்தட்டுப்பாடு நிலவிய 2020இல் 45,222 பேர். கொல்லவோ தற்கொலை செய்துகொள்ளவோ நினைப்பவனுக்கு வேண்டியவை ஓரிரு தோட்டாக்கள். அவை எந்தத் தட்டுப்பாட்டிலும் கிடைத்துவிடும். ஒரே காகிதத்தில் ஒரே துளையைத் தேடி நூற்றுக்கணக்கில் சுடுபவனைத்தான் தட்டுப்பாடு தொடுகிறது. தோட்டாப் பஞ்சம் துப்பாக்கிச் சட்டத்துக்கு மாற்று ஆகாது. அந்தச் சட்டம் தேவை என்பதே என் கருத்து. மைத்துனருக்கும் எனக்கும் இதில் உடன்பாடில்லை. அது வேறு விவாதம்.

அவர் அப்போது சொன்ன வாதம் ஒன்றை இங்கே நேர்மையாகப் பதிவு செய்ய வேண்டும். "என் காசு, என் நிலவறை. சட்டப்படி வாங்கினேன். நான் எட்டாயிரம் வெச்சிருக்கிறதாலயா நாட்ல இல்லாமப் போச்சு?" என்றார். அவர் ஒருவரால் இல்லைதான். இலட்சக்கணக்கான நிலவறைகளில் இதே கேள்வி கேட்கப்பட்டதால் இல்லாமற்போனது. தமிழில் இதற்கு நல்ல சொல் இருக்கிறது: பதுக்கல். நாம் அதை வியாபாரிகளுக்கு மட்டுமே சொல்லிப் பழகிவிட்டோம். வீட்டுக்காரன் செய்தால் அதற்கு முன்யோசனை என்று பெயர்.

இதைச் சொல்லும் தகுதி எனக்கு முழுமையாக இல்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு அறிவித்ததும் நான் மூன்று மூட்டை அரிசி வாங்கினேன். வீட்டில் நாங்கள் மூவர். ஆகஸ்டில் கடைசி மூட்டையை அவிழ்த்தபோது வண்டு மொய்த்துக் கிடந்தது; கோழிக்குப் போட்டோம். கடைக்காரர் எனக்குக் கொடுத்த மூன்றாவது மூட்டை யாருக்குக் கிடைக்காமற்போனது என்று எனக்குத் தெரியாது. மைத்துனருக்கு ஓர் அறிவிப்புப் பலகையாவது காட்டிக்கொடுத்தது. எனக்கு அதுவும் இல்லை.

சரி, விளையாட்டாகச் சுடுபவன் என்னதான் செய்வது? சந்தைப் பொருளாதாரம் படித்தவர்கள், விலையை ஏறவிடுங்கள், பதுக்கல் தானே அடங்கும் என்கிறார்கள். அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. பழைய விலைக்கே விற்ற கடைகளில், காலையில் நிற்க நேரம் உள்ளவர்கள் வாங்கி மாலையில் மும்மடங்குக்கு விற்றார்கள். ஆயினும் விலை ஏறினால் விலகுபவன் பதுக்குபவன் அல்லன். பதினான்கு வயதுச் சிறுமியும் ஓய்வூதியக்காரரும்தான். தலைக்கு இவ்வளவு என்ற வரம்பும், சங்கங்களின் சிறார் அணிக்கு முதல் ஒதுக்கீடும்தான் நியாயம் என்பேன்.

தனி ஒருவர் செய்யக் கூடியது இதைவிட எளிது: எண்ணிச் சுடுதல். துப்பாக்கி சுடுதலில் தோட்டா வெளியேறுவது கடைசிக் கணம். அதற்கு முன் நிலை, மூச்சு, பார்வை, விசையை அழுத்தும் விரல் ஆகியவையே கலை. அவற்றுக்குத் தோட்டா வேண்டியதில்லை. அறை காலியாக இருப்பதை இருமுறை பார்த்துவிட்டு, தோட்டாக்களை வேறோர் அறையில் வைத்துவிட்டு, சுவரில் ஒட்டிய புள்ளியைக் குறிபார்த்து விசையை இழுக்கலாம். முகாமில் இதை நாங்கள் டிரை பிராக்டிஸ் என்போம். .22 ரைபிள்கள் சிலவற்றில் ஊசி கெடாமலிருக்கப் போலித் தோட்டா இட வேண்டும், அவ்வளவே. பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கியை நிலவறையிலேயே வைத்துக்கொள்ளலாம். அதற்கான ஈயச் சில்லுகள் தட்டுப்பாட்டுக் காலத்திலும் ஒப்பளவில் மலிவாகவே இருந்தன. சுடுதளத்துக்கு முந்நூறு எடுத்துச் செல்வதற்குப் பதில் முப்பது எடுத்துச் செல்லலாம். ஒவ்வொன்றும் எங்கே பட்டது, ஏன் அங்கே பட்டது என்று குறிப்பேட்டில் எழுதலாம். முந்நூறு சுடுபவன் சத்தத்தோடு வீடு திரும்புகிறான். முப்பது சுட்டு எழுதியவன் தன் தவறோடு திரும்புகிறான். முன்னேறுபவன் பின்னவனே.

2021 பிப்ரவரியில் மைத்துனர் தொலைபேசியில் அழைத்தார். அறிவிப்புப் பலகையில் மறுபடியும் அதே தாள் ஒட்டப்பட்டிருந்ததாம். இம்முறை தன் பெட்டிகளிலிருந்து இரண்டாயிரம் தோட்டாக்களைத் தாம் வாங்கிய பழைய விலைக்கே சிறார் அணிக்குக் கொடுத்ததாகச் சொன்னார். மற்ற உறுப்பினர்களிடமும் கேட்டாராம். இருவர் கொடுத்தார்கள், பலர் சிரித்தார்கள். ஆறு வாரம் பயிற்சி நடந்தது; பிறகு நின்றது. மே மாதம் மீண்டும் தொடங்கியது.

"ஆறு வாரந்தானே மாப்பிள்ளை, பெரிசா ஒண்ணும் பண்ணிடல" என்றார்.

அந்தச் சிறார் ஆளுக்கு எத்தனை சுட்டார்கள் என்று கேட்டேன்.

"ஒரு நாளைக்குப் பத்து. எண்ணிக் குடுத்தோம்" என்றார். பிறகு, காலி கேஸ்களையும் அவர்களே பொறுக்கி எண்ணி ஒப்படைத்தார்கள் என்று சேர்த்துக்கொண்டார். அங்கே அப்படி ஒரு விதி இல்லை. முகாமில் நாற்பது பேர் புல்லில் தேடிய கதையை 2014இல் நான் அவருக்குச் சொன்னதாக நினைவு.