சங்க மேடை: வாழ்த்துப் பாடல்களின் வரிசை

ஜீவனஹள்ளியிலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் வாழும் தமிழ்க் குடும்பத்தினர் ஆண்டுக்கொருமுறை கூடி மாலை நிகழ்ச்சியும் விருந்தும் நடத்த முற்படும்போது, பந்தியைப் பற்றிய பேச்சுக்கு முன்னரே ஒரு வினா எழுகின்றது. ‘எந்த வாழ்த்தை எப்பொழுது பாடுவது?’ என்பதே அது. சிறு வினாவாகத் தோன்றினும், நம் மானமும் அண்டை வீட்டாரின் நல்லெண்ணமும் இதில் அடங்கியுள்ளன.

2023 ஏப்ரலில் சிவமொக்காவில் நடந்த தேர்தல் கூட்டமொன்றில், தமிழ்த்தாய் வாழ்த்து இடையில் நிறுத்தப்பெற்றுக் கன்னட நாடகீதம் ஒலிக்கச் செய்யப்பெற்றது. அதைக் குறித்து வழக்காடுவது நம் வேலையன்று. நம் மேடையில் அத்தகைய சங்கடம் நேராதிருக்க வேண்டுமாயின், நிரலை முன்கூட்டியே தீர்மானித்து, அச்சிட்டு, வருவோர் கையில் கொடுத்துவிட வேண்டும்.

மனோன்மணீயம் சுந்தரனாரின் தமிழ்த்தாய் வாழ்த்தைத் தமிழ்நாட்டரசு 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவித்து, அதற்கு 55 விநாடி வகுத்தது. குவெம்பு இயற்றிய கன்னட நாடகீதம் 2004இல் மாநில கீதமாயிற்று. 2022இல் அதற்கு இரண்டரை நிமிடம் வரையறுக்கப்பெற்றது. தேசிய கீதத்திற்கு ஏறக்குறைய 52 விநாடி. மூன்றும் சேர்ந்து நாலேகால் நிமிடமே! அவ்வளவு நேரம் நிற்க எவர்க்கும் கால் நோகாது. ஆகவே, நாம் வாழும் மண்ணுக்குரிய நாடகீதம் முதலிலும், அதனையடுத்துத் தமிழ்த்தாய் வாழ்த்தும், நிறைவில் தேசிய கீதமும் அமைதல் தகும் என்பது என் தாழ்மையான கருத்து.

இசைத்தட்டை ஒலிக்கச் செய்வதினும் நம் பிள்ளைகளே பாடுவது சிறப்பு. ஆனால் அவர்களுள் பலர்க்குத் தமிழ் எழுத்துக் கூட்டவும் வருவதில்லை. பெரியோர் பலர்க்கோ கன்னட எழுத்துத் தெரியாது. தமிழ்ப் பாடலைக் கன்னட எழுத்திலும், கன்னடப் பாடலைத் தமிழ் எழுத்திலும் எழுதிக் கொடுத்து, ஒருவர்க்கொருவர் உச்சரிப்பைத் திருத்தச் செய்யலாம். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஒத்திகை நடந்தால், பேரனிடம் பாட்டி கன்னடமும் பாட்டியிடம் பேரன் தமிழும் கற்றிருப்பர்.

இவ்வூரிலேயே இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. அல்சூர் ஏரியருகே 1991 முதல் பதினெட்டாண்டுகள் மூடிக் கிடந்த திருவள்ளுவர் சிலையை, 2009 ஆகஸ்ட் 9ஆம் நாள், கர்நாடக முதல்வர் எடியூரப்பா உடனிருக்கத் தமிழக முதல்வர் கருணாநிதி திறந்து வைத்தார். நான்கே நாட்களில் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலையும் திறக்கப்பெற்றது. அவர்கள் புலவர்க்கு நாம் இடமளிக்க, நம் புலவர்க்கும் இடம் கிடைத்தது.

நிற்க. திறந்த வெளியில் பந்தலிட்டு நடத்துவோர், ஒலிபெருக்கிக்கு உரிய அனுமதியை முன்னரே பெற வேண்டும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணிக்குமேல் அது ஒலித்தலாகாது. மாலை 6 மணிக்குத் தொடங்கினால் கலை நிகழ்ச்சிகளை 8 மணிக்குள் முடித்து இலை போட்டுவிடலாம். அழைப்பிதழை இரு மொழியிலும் அச்சிட்டு, தெருவிலுள்ள கன்னடக் குடும்பத்தாரிடம் நேரில் சென்று கொடுத்தல் நலம். அவர்களுள் மூத்தவர் ஒருவரை விளக்கேற்ற அழைத்தல் அதனினும் நலம்.

நிரலை அச்சுக்கு அனுப்புமுன், செயற்குழுவினர் மூன்று பாடல்களையும் கடிகாரத்தைப் பார்த்தவாறே ஒருமுறை பாடிப் பார்ப்பாராக!