உட்காரவைத்தால் மனம் தேறுமா?

முதியவர்களை ஒரு வேலையும் செய்யவிடாமல் உட்காரவைத்துப் பார்த்துக்கொண்டால் அவர்கள் மனம் நிம்மதியாக இருக்கும் என்பது பல பிள்ளைகளின் வாதம். அவர்களின் நன்றியில் குறையில்லை, தர்க்கத்தில்தான் ஓட்டை.

ஒன்று, ஓய்வும் முடக்கமும் வேறுவேறு. டென்மார்க்கின் பிரெடெரிசியா நகராட்சி 2008-இல் இந்த வேறுபாட்டைக் கையிலெடுத்தது. அதற்கு முன், உதவி கேட்ட முதியவரின் வீட்டைப் பணியாளரே துடைத்துக் கொடுப்பார். அதன்பின், எதை மறுபடி தாமே செய்ய விரும்புகிறார் என்று முதலில் அவரிடமே கேட்டார்கள். காலுறை மாட்டவும் சமைக்கவும் குளிக்கவும் பயிற்சி தந்தார்கள். 2015-இல் இத்தகைய பயிற்சி டென்மார்க் நகராட்சிகளின் சட்டக் கடமையாகவே ஆனது.

இரண்டு, “இதெல்லாம் செலவைக் குறைக்கும் தந்திரம்” என்பார்கள். செலவும் ஒரு காரணம்தான். அதற்காக, தானே குளிக்க முடிந்தவரின் தன்மானம் பொய்யாகிவிடுமா?

மூன்று, அந்த மன நிம்மதிக்கே வருவோம். 1976-இல் எல்லன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற உளவியலாளர்கள் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ஒரு முதியோர் இல்லத்தை ஆராய்ந்தார்கள். ஒரு தளத்தாரிடம் செடியைக் கொடுத்து வளர்க்கச் சொன்னார்கள்; அன்றாட முடிவுகளையும் அவர்களிடமே விட்டார்கள். இன்னொரு தளத்தில் செடிக்குத் தாதியரே தண்ணீர் ஊற்றினார்கள். கூடுதல் சுறுசுறுப்பும் மகிழ்ச்சியும் எங்கே தெரிந்தன? முதல் தளத்தில்.

படுத்த படுக்கையானவருக்கு எல்லாம் செய்துதான் ஆகவேண்டும், அதில் வாதமில்லை. ஆனால் நன்றாக நடமாடும் அம்மாவின் கையிலிருந்து அரிவாள்மனையைப் பிடுங்கி, டிவி முன்னால் உட்காரவைக்கும் மகன் யாருடைய நிம்மதிக்காக அதைச் செய்கிறார்?