தட்டு பழுதன்று

எல்லவை அடுத்த தோட்டமொன்றிலிருந்து மாணவன் ஒருவன் சென்ற கிழமை நம்மிடம் வந்தான். கையில் 4 டெராபைட் வெளித்தட்டு. வீட்டிற் கணினி இல்லாதவன்; அத்தட்டிலேயே லினக்ஸை நிறுவிக் கல்லூரியின் பழங்கணினியில் மாட்டிப் பயில்பவன். இரு மாதம் ஒழுங்காக இயங்கியது. ஒரு புதுப்பிப்பின் பின், 'தட்டுக்கு வெளியே படிக்க முயற்சி' என்னும் பிழையைக் காட்டி நின்றுவிட்டது. ஆண்டிறுதி ஒப்படை முழுவதும் அதனுள்ளே! "தட்டுப் பழுது, அழித்துவிடு" என்றனராம் நண்பர்கள்.

பழுது தட்டிலன்று. பொத்தானை அழுத்தியதும் முதலில் விழிப்பது பயாஸ். பழைய பயாஸ்களிற் சில, யூஎஸ்பி தட்டின் முதல் 137 கிகாபைட்டுக்கு அப்பால் நோக்கமாட்டா. 28 பிட்டுகளால் எண்ணக்கூடிய 512 பைட்டுத் துண்டுகள் அவ்வளவே. தொடக்கத்தில் அவ்வெல்லைக்குள் இருந்த கிரப், கெர்னல் கோப்புகள், புதுப்பித்தபோது அப்பால் எழுதப்பட்டுவிட்டன. கெர்னல் எழுந்துவிட்டால் தட்டு முழுவதையும் தானே படித்துக்கொள்ளும். பதுளை வரை ஓடும் புகையிரதமாயினும், எஞ்சினைப் புறப்படும் நிலையத்திலேயே பூட்டவேண்டுமன்றோ?

பென்டிரைவிலுள்ள லினக்ஸால் கணினியை எழுப்பி, முதலில் ஒப்படையை வேறிடத்தில் நகலெடுத்தோம். பின்னர் 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட தட்டுக்கு ஏற்ற ஜிபிடி அட்டவணை அமைத்தோம். தட்டின் தலைப்பிலேயே கிரப்புக்கு 1 மெகாபைட்டும் 'பூட்' பிரிவுக்கு 1 கிகாபைட்டும் ஒதுக்கி, லினக்ஸை மீள நிறுவினோம். திரை ஒளிர்ந்தது, பையனின் முகமும் ஒளிர்ந்தது.

மாணவர்களே, பிழைச்செய்தியை முழுவதும் படியுங்கள். இங்கே விடை அதிலேயே இருந்தது. அழிப்பதற்கு முன் நகலெடுக்கவும் மறவாதீர்கள்.