எச்சில் தட்டும் சுயமரியாதையும்

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் பொரித்த சிக்கன், பீட்சா, ஷவர்மா விற்கிற கடைகள் பெருகிவிட்டன. தள்ளுவண்டியில் தீ பறக்க ஃப்ரைடு ரைஸ் கிண்டும் பழைய 'ஃபாஸ்ட் ஃபுட்' கடைகளும் அப்படியேதான் இருக்கின்றன. அங்கே தொப்பி போட்டு ஆர்டர் எடுக்கும், மாவில் கறியைப் புரட்டும், மேசை துடைக்கும் பிள்ளைகளில் பட்டம் வாங்கியவர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. கல்யாண வீட்டில் சொந்தக்காரர் யாராவது "மவன் என்ன வேல பாக்கான்?" என்று கேட்டால், அவர்களுடைய அம்மாக்கள் சொல்லும் பதில் மட்டும் ஒரே மாதிரி இருக்கும்: "ஒரு கம்பெனியில இருக்கான்."

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலிடத்தில் நின்ற மாவட்டம் இது. இத்தனை பேரைப் படிக்க வைத்துவிட்டு, படிப்புக்கேற்ற வேலையை மாவட்டத்துக்குள் உருவாக்காமல் விட்டது யார் குற்றம் என்பதை அரசுகளிடம் கேட்க வேண்டும். ஆனால் இருக்கிற வேலையை ஏன் ஒளிக்க வேண்டும் என்பதை நம் வீட்டில்தான் கேட்க முடியும்.

சம்பளம் குறைவு, அதனால் வெட்கம் என்பார்கள். அப்படியா? தனியார் பள்ளிகளில் அதே சம்பளத்துக்கும் அதற்குக் கீழும் பாடம் நடத்தும் பெண்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். 'டீச்சர்' என்று தலை நிமிர்ந்து சொல்கிறார்கள், சொல்ல வேண்டியதும்தான். இன்னொரு பக்கம் பாருங்கள். கனடாவுக்கோ லண்டனுக்கோ படிக்கப் போன பையன் அங்கே பகுதி நேரமாக பர்கர் கடையில் நிற்கிறான். தொப்பியும் தட்டும் அதேதான். வீட்டிலோ "வெளிநாட்டுல இருக்கான்" என்று பெருமை பேசுகிறார்கள். ஆக, சிக்கல் சம்பளத்திலும் இல்லை, வேலையிலும் இல்லை. தெரிந்தவர் கண்முன்னே இன்னொருத்தர் தின்ற தட்டை நம் பிள்ளை எடுக்கக்கூடாது என்பதுதான் சிக்கல். எச்சிலைத் தொடும் கை தாழ்ந்த கை என்று நமக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

இந்த மண்ணின் கதையைக் கொஞ்சம் புரட்டினால் பதில் கிடைக்கும். திருவிதாங்கூர் அரசு ஊட்டுப்புரைகள் வைத்துப் பார்ப்பனர்களுக்கு இலவசமாகச் சோறு போட்டது. மற்றவர்கள் வரி கட்டினார்கள், கூலியில்லாமல் ஊழியம் செய்தார்கள். அந்தப் பந்தியில் உட்காரும் உரிமை அவர்களுக்குக் கிடையாது. தோளில் சீலை போடக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது என்ற விதிகளெல்லாம் அதே சமையலறையில் வெந்தவைதான். தோள்சீலைக்காக 1822இல் தொடங்கிய போராட்டம் 1859 ஜூலை 26இல் அரசு ஆணை வரும் வரை நடந்தது. அந்த ஆணையும்கூட உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் முறையில் உடுத்தக்கூடாது என்று ஒரு கொக்கி வைத்தே வந்தது. தலைப்பாகை கட்டும் உரிமை மறுக்கப்பட்டவர்களைத் தலைப்பாகை கட்டச் சொன்ன அய்யா வைகுண்டர், எல்லாரையும் ஒன்றாக உட்கார வைத்து உண்ணவும் சொன்னார். உடையும் சோறும் சேர்ந்தே மறுக்கப்பட்டதால் இரண்டையும் அவர் சேர்த்தே கேட்டார்.

தமிழ்நாடு முழுக்க இதே கதைதான். 1920களில் சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பன மாணவர்களுக்குத் தனிப்பந்தி போட்டதை எதிர்த்துத்தான் பெரியாரும் வரதராசுலு நாயுடுவும் கிளர்ந்தார்கள். 1957இல் திருவல்லிக்கேணி முரளி கஃபேயின் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை அகற்ற, திராவிடர் கழகத் தொண்டர்கள் நாள்தோறும் மறியல் செய்து கைதானார்கள். ஒரு சொல்லுக்காக இவ்வளவா என்று அன்றும் கேட்டார்கள். சமைத்தது யார், பரிமாறியது யார், பக்கத்தில் உண்பது யார் என்ற மூன்று கேள்விகளில்தான் சாதி உயிர் வாழ்கிறது என்று தெரிந்தவர்களுக்கு அந்த ஒரு சொல்லின் எடை தெரியும்.

அந்த வரலாற்றின் கண்ணோடு இன்றைய சிக்கன் கடையைப் பாருங்கள். டோக்கன் எண்ணைக் கூப்பிடுகிறார்கள், போய் வாங்கிக்கொள்கிறோம். மாவு பிசைந்தவர் எந்தத் தெரு என்று யாரும் கேட்பதில்லை. நாலு சாதிக்காரர்களும், அஸ்ஸாமிலிருந்தும் வங்கத்திலிருந்தும் வந்தவர்களும் ஒரே எண்ணெய்ச் சட்டியைச் சுற்றி நிற்கிறார்கள். ('வடக்கன்' என்று அவர்களை எகத்தாளமாகப் பேசும் நம் தோழர்கள் கொஞ்சம் வாயை அடக்க வேண்டும்.) இதை முதலாளி கொண்டுவந்த புரட்சி என்று நாம் சொல்லவில்லை. லாபத்துக்கு வேகம் வேண்டும், வேகத்துக்குச் சாதி தடை, அவ்வளவுதான். லாபம் வேறு பக்கம் அழைத்தால் இவர்கள் அந்தப் பக்கமும் போவார்கள். 2024 மார்ச்சில் ஜொமேட்டோ, சைவ உணவை மட்டும் எடுத்துச் செல்லப் பச்சைச் சட்டையில் தனிப்படை அமைப்பதாக அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் மறுநாளே பச்சைச் சட்டையைக் கழற்றிவிட்டார்கள். ஆனால் அப்படி ஒரு யோசனை வந்ததே, அதுதான் பழைய பந்தியின் வாடை.

இங்கே ஒரு எச்சரிக்கை வேண்டும். 'எல்லா வேலையும் உயர்ந்த வேலைதான்' என்ற வாசகத்தைச் சாதி ஒழிப்பாளர்கள் சந்தேகத்தோடுதான் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். மலம் அள்ளுபவரிடம் போய் அந்த வேலையின் புனிதத்தைப் பேசிய காந்தியாரை அம்பேத்கர் கடுமையாக விமர்சித்தார். பிறப்பால் ஒரு வேலையில் பூட்டிவிட்டு, பூட்டுக்குப் பூமாலை போடுவது ஏமாற்று. சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையே பிரித்து ஒருவர் தலைமேல் ஒருவராக அடுக்கி வைத்திருக்கிறது என்று 1936இலேயே அவர் எழுதிவிட்டார். எனவே நாம் பேசும் பெருமைக்கு ஒரு நிபந்தனை உண்டு. யாரும் உள்ளே வரலாம், யாரும் வெளியே போகலாம், அப்பன் செய்தான் என்று மகன் தலையில் விழாது என்கிற வேலையாக அது இருக்க வேண்டும். கடையில் மேசை துடைப்பவர் அடுத்த ஆண்டு டி.என்.பி.எஸ்.சி. எழுதிப் போகலாம், கிச்சன் மேனேஜரும் ஆகலாம். வாசல் திறந்திருப்பதால்தான் உள்ளே நிற்பதில் இழிவில்லை.

அப்படியானால் கடைக்குள்ளேயும் அந்த நிபந்தனை சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? கல்லாவில் யார் உட்காருகிறார்கள், கழிப்பறை கழுவுவது யார், முறை போட்டு எல்லாரும் கழுவுகிறார்களா அல்லது ஒருவரே தினமும் கழுவுகிறாரா? 'அந்தப் பையன்தான் அதுக்குச் சரி' என்று சூப்பர்வைசர் சொன்னால் ஏன் அவன் சரி? தட்டைத் தொடுவதில் வெட்கப்படாத நாம், துடைப்பத்தை மட்டும் ஒரு சாதிக்கு ஒதுக்கிவிட்டு சும்மா இருந்தால் ஊட்டுப்புரைக்குப் பின்வாசல் திறந்துவிட்டோம் என்று பொருள்.

பெருமையை விற்பதற்கு நிர்வாகங்களும் கிளம்பியிருக்கின்றன. 'நாம் எல்லாம் ஒரு குடும்பம்', 'இந்த மாதத்தின் சிறந்த ஊழியர்' என்று போட்டோ மாட்டுவார்கள். ஓவர்டைம் கேட்டால் குடும்பம் காணாமல் போய்விடும். முன்னேற வழியில்லாத, கூலி குறைந்த வேலைக்கு ஆங்கில அகராதியில் 'மெக்ஜாப்' என்று ஒரு சொல் ஏறியபோது, அந்த விளக்கத்தை மாற்றச் சொல்லி மெக்டொனால்ட்ஸ் 2007இல் பிரிட்டனில் கையெழுத்து இயக்கமே நடத்தியது. தொழிலாளர்கள் அகராதியோடு மல்லுக்கு நிற்கவில்லை. 2012 நவம்பரில் நியூயார்க்கில் சுமார் 200 துரித உணவுத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி, மணிக்கு 15 டாலரும் சங்கம் வைக்கும் உரிமையும் கேட்டார்கள். அப்போது அது பகல்கனவு என்றார்கள். 2024 ஏப்ரல் 1 முதல் கலிபோர்னியாவில் பெரிய துரித உணவு நிறுவனங்களின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 20 டாலர். வேலையை ஒளித்து வைத்திருந்தவர்களால் தெருவுக்கு வந்து இதைக் கேட்டிருக்க முடியாது.

நம் பிள்ளைகள் வேலையை ஒளிப்பதில் நட்டமும் இங்கேதான். 'கம்பெனியில இருக்கேன்' என்று சொல்லிவிட்டவர், பன்னிரண்டு மணி நேரம் நிற்க வைத்தார்கள், பி.எஃப். பிடிக்கவில்லை, எண்ணெய் தெறித்துக் கை வெந்தது என்று எந்த வாயால் வீட்டில் சொல்வார்? யாரிடம் முறையிடுவார்? வெட்கம் முதலாளிக்குச் செலவில்லாமல் கிடைக்கும் காவல்காரன். பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் உணவகத்தில் மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு இ.எஸ்.ஐ. உண்டு. இருபது பேர் இருந்தால் பி.எஃப். உண்டு. வேலையில் சேர்ந்த கடிதமும் சம்பளச் சீட்டும் கேட்டு வாங்குங்கள், தராவிட்டால் நாலு பேராகப் போய்க் கேளுங்கள்.

கடைகளில் நிற்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. கேரளம் 2018இலேயே செய்துவிட்டது. துணிக்கடைப் பெண்களின் கால் வீக்கத்தைப் பார்த்து வந்த சட்டம் இது. தோளில் சீலை போடவும் பந்தியில் உட்காரவும் அடிபட்ட மாவட்டத்தில், சிக்கன் கடையின் கவுண்டருக்குப் பின்னால் ஒரு நாற்காலி இருக்கிறதா என்று அடுத்த முறை எட்டிப் பாருங்கள். இல்லையென்றால் பில் வாங்கும்போதே மேனேஜரிடம் கேளுங்கள், அங்கே நிற்கும் பிள்ளையின் காதில் விழும்படியாக.