உப்புக் கரைக்காரர் போடும் மார்க்

ராமநாதபுரத்திலிருந்து தொண்டிக்குப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், தேவிபட்டினம் தாண்டி வருகிற ஊர் திருப்பாலைக்குடி. ஒரு பக்கம் பெரிதாக அலையடிக்காத பாக் ஜலசந்தி. சுற்றுவட்டாரத்தில் வெயிலுக்குக் கண்ணைக் கூசவைக்கும் உப்பளங்கள். மீனும் உப்பும் சோறு போடுகிற கரை இது.

ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, ஒரு நாவலை முடித்துவிட்டு, ‘நல்லா இருக்கு’, ‘சுமார்’ என்று யாரும் சொல்லிவிடலாம். இப்படியொரு கரையில் வாழ்கிறவர்களுக்கு அதற்கு மேல் இன்னொரு கேள்வியும் கேட்கிற உரிமை உண்டு: ‘இது சரியா இருக்கா?’ உப்பையும் கடலையும் தொடுகிற படைப்பு எதுவாக இருந்தாலும், கடைசி மார்க் போடவேண்டியவர்கள் அவர்கள்தான். அந்தப் பரீட்சைக்கு இந்த வாரம் ஒரு நாவல், ஒரு படம், ஒரு கச்சேரிக் குரல்.

படித்தது: கரிப்பு மணிகள்

ராஜம் கிருஷ்ணனின் இந்த நாவல் வெளிவந்து 40 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களின் கதை. பொன்னாச்சி என்கிற இளம்பெண்ணும் அவள் தம்பியும் அளத்துக்குக் கூலி வேலைக்குப் போகிறார்கள். அந்த இரண்டு பேரின் பின்னால் நடந்துபோய், தெப்பம், பாத்தி, வாருபலகை என்று ஓர் உலகத்தையே நாம் பார்த்துவிடுகிறோம்.

ராஜம் கிருஷ்ணன் உப்பளக் குடும்பத்துப் பெண் அல்ல. திருச்சி மாவட்டம் முசிறியில் பிறந்தவர். ஆனால், எதைப் பற்றி எழுதப்போகிறாரோ அந்த ஊருக்கே போய், அந்த மக்களோடு பேசி, கேட்டு, குறித்துக்கொண்டு வந்து எழுதுவது அவர் பழக்கம். நீலகிரிப் படகர்களைப் பற்றி எழுதினார், ‘குறிஞ்சித் தேன்’ வந்தது. மீனவர்களைத் தேடிப் போனார், ‘அலைவாய்க் கரையில்’ வந்தது. தீப்பெட்டித் தொழிலில் வேலை பார்த்த குழந்தைகளைப் பற்றி ‘கூட்டுக் குஞ்சுகள்’ வந்தது.

அந்த உழைப்பு இந்த நாவலில் தெரிகிறது. உப்பு என்றால் கடல்நீரைக் காயவைத்தால் வந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். மழை முடிந்ததும் பாத்தியைச் சுத்தம் செய்து, காலாலேயே மிதித்து மிதித்துத் தரையை இறுக்க வேண்டும். நீரைத் தேக்கி, அது தடித்த பிறகு பாத்திக்குத் திறந்துவிட வேண்டும். விளைந்த உப்பை வாரி, கரைக்குச் சுமக்க வேண்டும். கால் வெடிக்கும். அந்த வெடிப்பிலேயே மறுநாளும் உப்புத் தண்ணீர் இறங்கும். வெள்ளை வெளேரென்ற தரையில் பட்டுத் திரும்புகிற வெயில் கண்ணைக் கெடுக்கும். நம் சமையலறை டப்பாவில் இருக்கிற உப்பு, இத்தனையும் தாண்டி வந்தது.

குறை இல்லாமல் இல்லை. தூத்துக்குடிப் பேச்சு பழகும்வரை முதல் பக்கங்கள் மெதுவாகத்தான் நகர்கின்றன. சங்கம், உரிமை என்று பேசுகிற சில இடங்களில் கதாபாத்திரம் ஒதுங்கிக்கொண்டு ஆசிரியர் பேசுகிறார். ஆனால், அளத்துக்குள் நடக்கிற ஒவ்வொரு காட்சியிலும் உப்பு கரிக்கிறது. தமிழக அரசு உப்பளத் தொழிலாளர்களுக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் தரும் திட்டத்தைத் தொடங்கியது 2022-ல்தான். மழை வந்தால் இந்த வீடுகளில் அடுப்பு என்ன ஆகும் என்ற கேள்வியை இந்த நாவலைப் படித்தவர்கள் அதற்கு எத்தனையோ வருடம் முன்பே கேட்டிருப்பார்கள்.

ராஜம் கிருஷ்ணனின் படைப்புகளை அரசு நாட்டுடைமை ஆக்கிவிட்டதால், கைப்பேசியிலேயே இலவசமாகப் படிக்கலாம்.

பார்த்தது: டூரிஸ்ட் ஃபேமிலி

2025 மே 1 அன்று வெளிவந்த படம். அறிமுக இயக்குநர் அபிஷன் ஜீவிந்த். பொருளாதார நெருக்கடியில் வாழ வழியில்லாமல் சசிகுமார், சிம்ரன், இரண்டு மகன்கள் என்று ஒரு குடும்பம் இலங்கையிலிருந்து கள்ளத்தனமாகப் படகில் கிளம்பி ராமேஸ்வரம் கரையில் இறங்குகிறது. போலீஸ்காரர் ஒருவரிடம் மாட்டுகிறார்கள். கடைக்குட்டிப் பையன் பேசுகிற பேச்சில் அவர் மனம் இளகி விட்டுவிடுகிறார். அங்கிருந்து கதை சென்னைக்குப் போய்விடுகிறது.

வீட்டில் பெரியவர்கள், குழந்தைகள் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சிரித்து, ஓரிரு இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொள்ளத் தகுந்த படம். பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார் என்றே தெரியாத ஒரு தெருவை, ஊர்விட்டு ஊர் வந்த ஒரு குடும்பம் ஒன்றுசேர்த்துவிடுகிறது. கெட்டவர் என்று யாரையும் பெரிதாகக் காட்டாமலே கதை ஓடுகிறது.

இனி நம் கரைக்காரர் கேள்விக்கு வருவோம். 2022 மார்ச்சில், இலங்கை நெருக்கடியின் உச்சத்தில், ஒரே நாளில் 16 பேர் இப்படித்தான் கடல் தாண்டி வந்தார்கள். அவர்களில் ஆறு பேரைப் படகுக்காரர்கள் தனுஷ்கோடி அருகே ஒரு மணல்திட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். அதில் ஒரு கைக்குழந்தையும் இருந்தது. இந்தியக் கடலோரக் காவல்படை மீட்டு வந்தது. பிறகு விசாரணை, மண்டபம் முகாம். படத்தில் சில நிமிடங்களில் சிரிப்போடு கடந்துவிடுகிற அந்தக் கரை, நிஜத்தில் நீளமானது. இந்த இடத்தில் மார்க் குறையத்தான் செய்யும்.

ஆனால், ஒரு விஷயத்தைப் படம் சரியாகப் பிடித்திருக்கிறது. அந்தக் குடும்பம் பயப்படுவது துப்பாக்கிக்கு அல்ல, தங்கள் நாக்குக்கு. வாயைத் திறந்தால் ‘சிலோன்காரர்’ என்று தெரிந்துவிடும். அதனால் கேரளாவிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லி வைக்கிறார்கள். சென்னையில் அந்தப் பொய் செல்லுபடியாகலாம். ராமநாதபுரம் கரையில் ஒரு நிமிஷம்கூட நிற்காது. மயில்வாகனம், கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீத் என்று இலங்கை வானொலிக் குரல்களைக் கேட்டே வளர்ந்த தலைமுறை இங்கே இன்னும் இருக்கிறது. அந்தத் தமிழ் இவர்களுக்கு அந்நியமல்ல. அது எதிர்வீட்டுத் தமிழ். ஒருவர் பேச்சு வேறு மாதிரி இருக்கிறது என்பதற்காக அவர் ஏன் ஊமையாக இருக்க வேண்டும் என்று படம் கேட்கிறது. பதில் தெரிந்தவர்கள் இந்தக் கரையிலேயே இருக்கிறார்கள்.

கேட்டது: இசைமுரசு

நாகூர் ஹனிபா என்றே நாடு அறிந்திருந்தாலும், இசைமுரசு இ.எம்.ஹனிபா பிறந்த ஊர் ராமநாதபுரம். 1925 டிசம்பர் 25. நூறு ஆண்டு நிறைந்துவிட்டது. 2015-ல் மறைந்தார். ஆனால், கந்தூரி, கல்யாணம், மீலாது விழா என்று இந்தக் கரையின் ஊர்களில் அவர் பாட்டு ஓயவில்லை.

‘பாவமன்னிப்பு’ படத்தில் டி.எம்.சௌந்தரராஜனோடு சேர்ந்து பாடியிருக்கிறார். பல வருடம் கழித்து இளையராஜா இசையில் ‘செம்பருத்தி’ படத்தில் பாடியிருக்கிறார். என்றாலும், அவருடைய நிஜமான இடம் மேடைதான். மைக் இல்லாமலேயே கூட்டத்தின் கடைசி வரிசை வரைக்கும் எட்டுகிற குரல் என்று பேர் வாங்கியவர்.

அந்தக் குரல் ஏன் அவ்வளவு உச்சத்தில் நின்றது என்பது கடற்கரையில் நின்று கேட்டால் புரியும். நான்கு சுவருக்குள் பாடுகிறவர் மெல்ல இழைக்கலாம். சுவர் குரலைத் திருப்பித் தரும். திறந்த மைதானத்தில், கடல்காற்று சொல்லைச் சொல்லாகத் தூக்கிக்கொண்டு போகும். அங்கே எழுத்து எழுத்தாக உடைத்து, அழுத்தி, உயரத்தில் நிறுத்தினால்தான் கடைசி ஆளுக்குப் போய்ச் சேரும். ஹனிபாவின் உச்சரிப்பில் ஒரு சொல்கூட மங்காது. படிக்கத் தெரியாதவர்களும் அவர் பாட்டை முழுதாக மனப்பாடமாகச் சொல்வதற்குக் காரணம் அதுதான்.

இன்று அவர் பாடல்களைப் பாடுகிற பல மேடைகளில் கீபோர்டும் ரிதம் பேடும் முன்னால் ஓடுகின்றன. குரல் பின்னால் மூச்சு வாங்குகிறது. சத்தம் கூடியிருக்கிறது, சொல் குறைந்திருக்கிறது. பழைய பதிவு ஒன்றைக் கைப்பேசியில் போட்டு, இயர்போன் மாட்டாமல், முற்றத்தில் வைத்துக் கேட்டுப் பாருங்கள். வித்தியாசம் தானாகத் தெரியும்.

யாருக்கு எத்தனை?

மூன்றும் மூன்று விதமாக இந்தக் கரையைத் தொட்டிருக்கின்றன. படம், கரையில் இறங்கி, அவசரமாகச் சென்னைக்கு பஸ் ஏறிவிட்டது. நாவல், பக்கத்துக் கரையில் தங்கி, உப்பில் கால் வைத்துப் பார்த்துவிட்டு எழுதியது. ஹனிபாவின் குரலோ, இந்த மண்ணிலிருந்தே கிளம்பிப் போய், ஒவ்வொரு கந்தூரிக்கும் திரும்பி வந்துகொண்டே இருக்கிறது. எந்த வரிசையில் மார்க் விழும் என்று சொல்லவே வேண்டாம்.

ஆனாலும் ஒரு குறை மிச்சமிருக்கிறது. தூத்துக்குடி உப்புக்கு ஒரு ‘கரிப்பு மணிகள்’ கிடைத்தது, வெளியூரிலிருந்து ஒருவர் வந்து கேட்டதால். திருப்பாலைக்குடி உப்பின் கதை, காலையில் பாத்திக்கும் வலைக்கும் போய்விட்டு வருகிறவர்கள் வீட்டில்தான் இருக்கிறது. அதைக் கேட்க யாரும் ரயில் ஏறி வரவேண்டியதில்லை. பள்ளிக்கூடம் போகிற பேத்தி ஒருத்தி, பாட்டியின் வெடித்த கால்களைக் காட்டி ‘இது எப்படி ஆச்சு பாட்டி?’ என்று கேட்டு, சொன்னதை அப்படியே கைப்பேசியில் பதிந்துவைத்தால் போதும். முதல் அத்தியாயம் தயார். அதற்கு மார்க் போடவேண்டியவரும் பாட்டிதான்.