பாறை ஏறும் சிறு வண்டி



நவி மும்பையிலிருந்து ஒரு சகோதரர் எழுதிய கடிதம் இம்மாதம் நமக்கு முன்பாக இருக்கிறது. அவருடைய மூத்த மகன் பத்தாம் வகுப்பை முடித்தவன். கடந்த ஓராண்டாக வீட்டிற்கு வந்தவுடன் கைப்பேசியோடு ஒரு மூலையில் அமர்ந்துகொள்கிறானாம். தகப்பனோடு பேசுவது "சரிப்பா", "தெரியலப்பா" என்ற அளவில் முடிந்துவிடுகிறது. அப்படிப்பட்டவன் ஒருநாள் தானாகவே பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ரிமோட்டினால் இயங்கிப் பாறைகளின்மேல் ஊர்ந்து ஏறும் ஒரு சிறு வண்டியின் படத்தைக் காண்பித்து, அதைக்குறித்து அரைமணி நேரம் பேசியிருக்கிறான். அதற்கு ராக் கிராலர் என்று பெயர். விலையோ அவர்கள் குடியிருக்கும் வீட்டின் மாத வாடகையைக் காட்டிலும் அதிகம். "பதினாறு வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு பணம் கொடுத்து பொம்மை வாங்குவதா? வேண்டாம் என்று சொன்னால் மறுபடியும் அந்த மூலைக்கே போய்விடுவானோ?" என்று சகோதரர் கேட்கிறார்.

சகோதரரே, தங்கள் கேள்வியில் இரண்டு காரியங்கள் கலந்திருக்கின்றன. இது பொம்மையா என்பது ஒன்று. இவ்வளவு செலவு செய்யத்தான் வேண்டுமா என்பது மற்றொன்று. முதலாவதற்கு, இது பொம்மை அல்ல என்றும், இரண்டாவதற்கு, அவன் காண்பித்த அந்த வண்டியே வேண்டுமென்பதில்லை என்றும் தயக்கமில்லாமல் சொல்லலாம்.

ரிமோட் கார் என்றவுடன் வீதியில் சீறிப் பாய்ந்து சுவரில் மோதி நிற்கும் பிளாஸ்டிக் கார்தான் நம் நினைவுக்கு வருகிறது. பாறை ஏறும் வண்டி அதற்கு நேர் எதிரானது. மனிதன் நடக்கும் வேகத்திலும் குறைவாகவே அது நகரும். ஒரு முழ உயரமுள்ள கல்லின்மேல் ஏறி இறங்குவதற்குப் பத்து நிமிடம் ஆனாலும் ஆகும். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து மலைகளில் ரூபிகான் என்னும் ஏறக்குறைய 35 கிலோமீட்டர் நீளமுள்ள கரடுமுரடான பாதை உண்டு. யூட்டா மாநிலத்தில் மோவாப் என்னும் ஊரைச் சுற்றிச் செம்பாறைக் குன்றுகள் உண்டு. இப்படிப்பட்ட இடங்களில் உண்மையான ஜீப்புகளைப் பாறைமேல் ஏற்றுவது அங்கே நெடுநாள் வழக்கம். அதன் சிறிய வடிவமே இது. ஜப்பானின் டமியா நிறுவனம் 1985இல் புரூசர் என்னும் மூன்று கியர் கொண்ட சிறு பிக்கப் வண்டியை வெளியிட்டது. பிற்காலத்தில் ஆக்சியல் நிறுவனத்தின் எஸ்.சி.எக்ஸ்.10, 2017இல் வெளிவந்த டிராக்ஸாஸ் நிறுவனத்தின் டி.ஆர்.எக்ஸ்-4 ஆகியவை இப்பொழுதுபோக்கை உலகெங்கும் கொண்டுசென்றன.

இதன் உள்ளே இருக்கும் யுக்தியை அறிந்துகொண்டால், பிள்ளை ஏன் இதில் மனதைப் பறிகொடுத்தான் என்பது விளங்கும். நாம் ஏறிச்செல்லும் காரில் டிஃபரன்ஷியல் என்னும் பல்சக்கர அமைப்பு உண்டு. வளைவில் திரும்பும்போது வெளிச் சக்கரம் அதிக தூரமும் உட்சக்கரம் குறைந்த தூரமும் செல்லவேண்டியிருப்பதால், இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடுவது அதன் வேலை. ஆனால் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால், அது மாத்திரம் வீணாய்ச் சுழல, தரையில் இருக்கும் சக்கரம் அசையாமல் நின்றுவிடும். மழைக்காலத்தில் சேற்றில் சிக்கிய வாடகைக் காரை நாம் எல்லாரும் தள்ளியிருக்கிறோமே, அதுதான். பாறை ஏறும் வண்டியில் இந்த டிஃபரன்ஷியலைப் பூட்டிவிடுகிறார்கள். நான்கு சக்கரங்களும் எப்பொழுதும் ஒன்றாகவே சுழலும். ஒன்று காற்றில் தொங்கினாலும் மற்ற மூன்றும் இழுத்துக்கொண்டு போகும். அதற்கு ஈடாக, வண்டி சட்டென்று திரும்பாது. பெரிய வட்டமடித்தே திரும்பும். டி.ஆர்.எக்ஸ்-4 போன்ற பெரிய வண்டிகளில் இந்தப் பூட்டை ரிமோட்டிலிருந்தே போடவும் எடுக்கவும் முடியும்.

இன்னொன்று, மோட்டார். பந்தயக் காரின் மோட்டாரில் கம்பிச் சுற்றுகள் குறைவு. ஆகவே வேகம் அதிகம். இதில் சுற்றுகள் அதிகம், பல்சக்கரங்களின் விகிதமும் தாழ்ந்தது. ஆகவே வேகம் குறைந்து, அங்குலம் அங்குலமாக நகர்த்தும் பிடி கிடைக்கிறது. விசையிலிருந்து விரலை எடுத்தவுடன் சரிவிலே வண்டியை அப்படியே பிடித்து நிறுத்துவது டிராக் பிரேக். இது இல்லாத மலிவு வண்டி சரிவில் பின்னோக்கி உருண்டுவிடும். டயர்களில் காற்று இல்லை. மிருதுவான ரப்பரும் உள்ளே ஸ்பாஞ்சும்தான். அது கல்லின் முனையில் அமிழ்ந்து பற்றிக்கொள்ளும்.

இனி, எதை வாங்குவது? தங்கள் மகன் காண்பித்தது பத்தில் ஒரு பங்கு அளவுள்ள வண்டியாக இருக்கவேண்டும். முன் சக்கரத்திற்கும் பின் சக்கரத்திற்கும் இடையே ஒரு அடிக்கும் சற்று அதிகமான தூரம், எடை மூன்று கிலோ அளவு. இளைஞரின் கண் முதலில் அதன்மேல்தான் விழும். ஆயினும் மும்பையில் ஒரு படுக்கையறை வீட்டில் இருப்பவர்களுக்கு அது ஏற்றதல்ல என்பதே என் கருத்து. அதை ஓட்டுவதற்கு உண்மையான பாறைகள் வேண்டும். பாறைகளைத் தேடி ஒவ்வொரு முறையும் பயணம் செய்யவேண்டும். மின்கலமும் சார்ஜரும் பெரும்பாலும் தனியாக வாங்கவேண்டியிருக்கும். உடைந்த பாகங்களின் விலையும் அளவுக்கேற்பக் கூடும்.

இருபத்து நான்கில் ஒரு பங்கு, பதினெட்டில் ஒரு பங்கு என்ற சிறிய வகைகள் உண்டு. முதலாவதில் ஆக்சியல் நிறுவனத்தின் எஸ்.சி.எக்ஸ்.24 என்பது 2019 முதல் பேர்பெற்றது. உள்ளங்கை இரண்டையும் சேர்த்தால் அதில் அடங்கிவிடும். இரண்டாவதில், டிராக்ஸாஸ் நிறுவனம் 2022இல் அமெரிக்காவில் 150 டாலர் அளவிலான விலையில் வெளியிட்ட டி.ஆர்.எக்ஸ்-4எம் உண்டு. இவை பெட்டியிலேயே மின்கலம், சார்ஜர், ரிமோட் யாவும் சேர்ந்து வருகின்றன. கட்டிலுக்கடியில் வைக்கலாம். நாலு புத்தகமும் இரண்டு செங்கலும் தலையணையும் இருந்தால் கூடத்திலேயே மலை உண்டாகிவிடும். மொட்டைமாடியில் பூந்தொட்டிகளைச் சுற்றி ஓட்டலாம். விடுமுறைக்கு ஊருக்கு ரயிலேறும்போது சாப்பாட்டுப் பையில் ஓரமாய் வைத்துக்கொண்டு போகலாம். என்னைக் கேட்டால், முதல் வண்டி பதினெட்டில் ஒரு பங்கு அளவே. அது வீட்டுக்குள்ளும் ஓடும், வெளியே சிறு கற்களிலும் ஏமாற்றாது.

இவற்றினும் மலிவாகச் சில ஆயிரம் ரூபாயில் டபிள்யூ.பி.எல், எம்.என் என்ற பெயர்களில் சீன வண்டிகள் கிடைக்கின்றன. இவற்றைப் பழிக்கமாட்டேன். மோட்டாரும் சர்வோவும் சாதாரணமானவை. வாங்கியபடியே ஓட்டினால் செங்குத்தான கல்லில் திணறும். ஆனால் கழற்றி மாட்டிப் பழகுவதற்கு இவற்றைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. கையில் திருப்புளியோடு உட்காரப் பிரியப்படும் பிள்ளையாயிருந்தால் இதிலிருந்தே தொடங்கலாம். வாங்கியவுடன் ஓட்டவேண்டும் என்று துடிக்கிறவனுக்கு இது ஆகாது. ஒரே வாரத்தில் மனம் கசந்துபோவான். தங்கள் மகன் எந்த வகை என்பதைத் தாங்கள்தான் அறிவீர்கள். அறியாவிட்டால் அவனிடமே கேளுங்கள், அதுவும் ஒரு சம்பாஷணைதானே.

எந்த வண்டியானாலும் கடைக்காரரிடம் முதலாவது கேட்கவேண்டியது விலையை அல்ல, உதிரி பாகங்களை. ஆக்சில் தண்டு, சர்வோ, பல்சக்கரம், டயர் ஆகியவை தனித்தனியே கிடைக்குமா? கிடைக்காதென்றால் அது எவ்வளவு அழகாயிருந்தாலும் ஒருமுறை உடைந்ததும் குப்பைக்குத்தான் போகும். பொம்மைக்கும் பொழுதுபோக்கு வண்டிக்கும் உள்ள எல்லைக்கோடு இதுவே. வெளிநாட்டு இணையக் கடையில் மலிவாகத் தெரிகிறதே என்று அவசரப்படவேண்டாம். பொம்மைகள்மீதான இறக்குமதி வரி 2020இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 விழுக்காடாகவும், 2023இல் 70 விழுக்காடாகவும் உயர்த்தப்பட்டது. சுங்கத்தில் கட்டும் தொகையைச் சேர்த்துப் பார்த்தால், உள்ளூர் விலை நியாயமென்று தோன்றும். உத்தரவாதத்திற்குப் போய் நிற்க ஒரு கடையும் இருக்கும்.

ஒரு காரியத்தில் மாத்திரம் தகப்பனார் கண்டிப்பாயிருக்கவேண்டும், அது மின்கலம். இவ்வண்டிகளில் வருவது பெரும்பாலும் லிப்போ என்னும் லித்தியம் பாலிமர் வகை. ஒவ்வொரு அறையும் நிறைவில் 4.2 வோல்ட் காட்டும். 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கெட்டுப்போகும். அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏற்றினாலும், குத்துப்பட்டாலும், உப்பிய பின்பும் உபயோகித்தாலும் தீப்பிடிக்கக்கூடும். ஆகவே அதற்குரிய சார்ஜரையே பயன்படுத்த வேண்டும். மெத்தையின்மேலோ, திரைச்சீலைக்கு அருகிலோ, எல்லாரும் உறங்கும் இரவிலோ சார்ஜ் போடலாகாது. ஒரு மண்சட்டியில் வைத்து, விழித்திருப்பவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது போடுங்கள். வண்டி ஓடி முடிந்து சூடாயிருக்கும் மின்கலம் ஆறின பிறகே சார்ஜருக்குப் போகவேண்டும். பல நாள் ஓட்டப்போவதில்லை என்றால், முழுவதும் நிரப்பாமலும் காலியாக விடாமலும், அறைக்கு 3.8 வோல்ட் அளவில் வைப்பது நலம். தேர்வு மாதங்களில் இதை நினைவில் கொள்ளுங்கள். விமானத்தில் செல்ல நேர்ந்தால் உபரி மின்கலங்கள் கைப்பையில்தான் இருக்கவேண்டும்.

ஓட்டும் விதத்துக்கு வருவோம். புதியவர்கள் யாவரும் செய்வது, வண்டி சிக்கினவுடன் விசையை முழுவதும் அழுத்துவதாகும். சக்கரம் சுழலும், டயர் தேயும், சில வேளை ஆக்சிலே முறியும், வண்டி ஏறாது. சிக்கினால் நிறுத்தி, ஒரு சாண் பின்னே எடுத்து, வேறு கோணத்தில் வரவேண்டும். கல்லை இரண்டு சக்கரங்களுக்கு நடுவே விடுவதைக் காட்டிலும் ஒரு சக்கரத்தை அதன்மேல் ஏற்றுவதே மேல். நடுவே விட்டால் வண்டியின் வயிறு கல்லில் தட்டித் தொங்கிப்போகும். குனிந்து, தரையோடு கண்ணை வைத்துப் பாதையைப் பாருங்கள். நின்றுகொண்டு பார்க்கும்போது சமமாய்த் தெரிவது, அங்கிருந்து பார்த்தால் மலையாய்த் தெரியும். எடை கீழேயும் சற்று முன்னேயும் இருந்தால் ஏற்றத்தில் வண்டி மல்லாக்க விழாது. அதற்காகவே சக்கரங்களில் பித்தளைத் துண்டுகளைப் பொருத்துகிறார்கள். கூரையின்மேல் பொம்மை மூட்டைகளையும் ஏணிகளையும் அடுக்குவது பார்வைக்கு அழகு, ஏற்றத்துக்குக் கேடு.

வீட்டில் ஒரு விளையாட்டு செய்யலாம். ஐஸ்கிரீம் குச்சிகளை இரண்டிரண்டாக நட்டு வாசல்கள் அமைத்து, வரிசையாக அவற்றினூடே வண்டியைக் கொண்டுபோகவேண்டும். பின்னே எடுத்தால் ஒரு புள்ளி, குச்சியில் தட்டினால் பத்துப் புள்ளி, கையால் தூக்கினாலும் பத்து. குறைந்த புள்ளி பெற்றவரே ஜெயித்தவர். வெளிநாட்டுப் போட்டிகளும் ஏறத்தாழ இந்த முறையிலேயே நடக்கின்றன. தங்கை ஓட்டட்டும், தாயும் ஓட்டட்டும். வேகத்துக்கு இங்கே இடமில்லாதபடியால், வாலிபனுக்குத்தான் வெற்றி என்ற நிச்சயமில்லை. பொறுமையுள்ள தாய்மார் முதல் நாளே மகனைத் தோற்கடிப்பதும் உண்டு!

வெளியே எங்கே போவது? அவரவர் பட்டணத்தின் கல் வெவ்வேறு. மும்பை, புணே பகுதிகளின் கல் எரிமலைக் குழம்பு உறைந்த கருங்கல். கோடையில் டயர் நன்றாய்ப் பற்றும். மழை தொடங்கியவுடன் பாசி படர்ந்து, நடக்கிற மனிதனையே வழுக்கி விழப்பண்ணும். ஐதராபாத்தில் உருண்டையான கிரானைட் பாறைகள் நகரத்துக்குள்ளேயே குவிந்துகிடக்கின்றன. இப்பொழுதுபோக்குக்கு அவற்றைப்போல் நல்ல இடம் அரிது. டெல்லி ரிட்ஜ், பெங்களூரின் துரஹள்ளி போன்றவை வனத்துறையின் காப்புக்கு உட்பட்டவை. லால்பாக் பூங்காவில் உள்ள பாறையோ ஏறக்குறைய 300 கோடி ஆண்டுகள் பழைமையானதாய், தேசிய புவியியல் நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. இங்கெல்லாம் வண்டியைக் கொண்டுபோய் காவலரிடம் ஏச்சு வாங்கவேண்டாம். வீடு கட்டும் இடத்துக் கற்குவியலும், ஏரிக்கரையின் சரிவும், பூங்காவில் மரத்தடி வேர்களும் சிறிய வண்டிக்குப் போதும். கேட்டுவிட்டு ஓட்டுங்கள்.

பணத்தைப்பற்றி ஒரு யோசனை. முழுத்தொகையையும் தாங்களே கொடுத்துவிடாமலும், அவனே சேர்க்கட்டும் என்று விட்டுவிடாமலும், வண்டி தங்கள் பங்கு, உதிரி பாகங்கள் அவன் பங்கு என்று முன்னதாகவே பேசிக்கொள்ளுங்கள். தன் கைச்செலவுப் பணத்தில் ஆக்சில் வாங்குகிற பிள்ளை விசையை அழுத்தும் விதமே வேறு. அதோடு, நல்ல 1.5, 2 மில்லிமீட்டர் அறுகோணத் திருகுச்சாவிகள் இரண்டை வண்டியோடு சேர்த்து வாங்குங்கள். பெட்டியில் வருவது சீக்கிரம் முனை மழுங்கி, திருகாணியின் தலையையும் கெடுத்துவிடும். வாரம் ஒருமுறை இருவருமாக அமர்ந்து திருகாணிகளைச் சரிபார்த்து, சக்கரத்தில் சுற்றிக்கொண்ட தலைமயிரையும் நூலையும் எடுங்கள். அந்த வேலைக்கு நாலு கைகள் வேண்டும்.

மழைக்காலம் நெருங்குகிறது. தண்ணீர் புகாத மின்சாதனம் என்று பெட்டியில் எழுதியிருந்தாலும், உள்ளே பேரிங்குகள் இரும்புதான். நனைந்த வண்டியைத் துடைத்து, மின்கலத்தைக் கழற்றி, மின்விசிறியின் கீழ் ஒரு இரவு வையுங்கள். அடுத்த நாள் பேரிங்குக்கு ஒரு சொட்டு எண்ணெய். கடல் நீரில் மாத்திரம் இறக்கவே வேண்டாம்.